அரசமரத்தடியில் வைத்த கோப்புகள்

தேரடிக்குளத்துக் கணினிக் கோப்புகள் அரசமரத்தடிக்கு வந்து சேர்ந்த ஆடி மாதப் பிற்பகலில் மலைப்பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே ஊரார் முதலில் கேட்டது இவை நனைந்துவிடுமா என்பதைத்தான், எப்படி வந்தன என்று கேட்பது எவருக்கும் அவசரமாகப் படவில்லை. நனையவில்லை. அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே, இவை யாருடையவை, இங்கே வைக்கச் சொன்னது யார் என்ற அடுத்த கேள்விகளுக்கு ஊர் வந்தது. அதற்குப் பதில் தெரிந்தவள் செண்பகவடிவு ஒருத்திதான், அவள் அந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகவடிவுக்குப் பேருந்து திரும்பும் முக்கில் ஃபிளக்ஸ் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கொடை விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதன் இந்த ஊரில் பேனரில் ஏறக்கூடிய எல்லாத் தருணங்களையும் அந்தக் கடை அச்சடித்துக் கொடுத்தது. தொட்டில் முதல் பாடை வரை ஒரே மனிதனின் முகத்தை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளுப்பாக்கி, அங்கே பாதுகாத்து வைத்திருந்தார்கள். பாதுகாத்தது அவளுடைய புருஷன் பால்வண்ணன். அவன் தோஹாவில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனபோது கடையை அவளிடம் விட்டுப் போனான். கூடவே தான் பெயரிட்ட கோப்புகளையும் விட்டுப் போனான். பெயரிடுவதில் பால்வண்ணனுக்கு ஒரு முறை இருந்தது: இடது கை விசைப்பலகையில் எந்தக் கட்டையில் விழுகிறதோ அதுவே பெயர். அதனால் ஊரின் அத்தனை மங்கலமும் அமங்கலமும் ஏஏஏ, எஸ்எஸ்எஸ், நியூ, நியூ ஒன்று, ஃபைனல், ஃபைனல் ஓகே, ஃபைனல் ஓகே கடைசி என்ற பெயர்களில் அந்தக் கணினிக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. செண்பகவடிவுக்கு நிறம் தெரியும், எழுத்தின் அளவு தெரியும், எந்த முகத்தை எந்த மூலையில் வைத்தால் சம்பந்தி வீட்டார் கோபிப்பார்கள் என்றுகூடத் தெரியும். கணினிக்குள் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அடுத்த வீட்டுப் பரண் மாதிரி, இருப்பது தெரியும், ஏறிப் பார்த்ததில்லை.

கணினி நிரம்பி, இனி ஒரு பேனர்கூடச் சேமிக்க முடியாது என்று ஆனபோது, பால்வண்ணன் தோஹாவிலிருந்தே ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை அதில் ஏற்றிவிட்டான். அதோடு தமிழில் பேசினால் போதும், தேடும், எடுக்கும், அடுக்கும், மாற்றி வைக்கும், மவுசைத் தொடவே வேண்டாம் என்றான். வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரலில் அது பேசியது.

“வணக்கம். இடம் நிரம்பிவிட்டது. நெடுநாளாகத் திறக்கப்படாத கோப்புகளை நீக்கிவிடலாமா?”

“எதெதுன்னு காட்டு.”

காட்டியது. முத்தாரம்மன் கொடைப் பேனர், பிள்ளையார் சதுர்த்திப் பேனர், மாதா கோவில் தேர்ப் பவனிப் பேனர், பிறகு வரிசை வரிசையாக மனித முகங்கள்.

“நீக்குனா எங்க போவும்?”

“குப்பைத் தொட்டிக்குப் போகும்.”

“நல்லா இருக்கே உன் நியாயம்! சாமி படத்தை எவளாவது குப்பைத் தொட்டியில போடுவாளா? அரசமரத்தடியில கொண்டு வை.”

“மனித முகங்கள் உள்ளவற்றை?”

“அதையும்தான். பெத்தவங்க ஆசையா எடுத்த புள்ளைங்க படம்லா அது.”

“சரி. அரசமரத்தடியில் வைக்கிறேன்,” என்ற மென்பொருள், சற்று நேரம் யோசிப்பதுபோல் சுழன்றுவிட்டு, “வைத்துவிட்டேன்,” என்றது.

கண்ணாடி உடைந்த சாமி படங்களையும், வருடம் முடிந்த சாமி காலண்டர்களையும், மூக்கு உடைந்த கொலுப் பொம்மைகளையும் குப்பையில் போடாமல் குளத்தங்கரை அரசமரத்தின் தூரில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அதைச் சொல்லிப் பழகிய வாய் அது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற எவரையும் அவள் அதற்கு முன் சந்தித்ததில்லை ஆதலால், அது சொன்னபடியே செய்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கணினியில் இடம் கிடைத்தது என்ற நிம்மதியோடு சாப்பிடப் போனாள்.

கைக்குட்டை அகலத்தில், அப்பளக் கனத்தில், மஞ்சள் உறைகளாகக் கோப்புகள் மரத்தைச் சுற்றி இருந்தன. சில வேரின் இடுக்கில் செருகியிருந்தன, சில பிள்ளையாரின் மடியில், பெரும்பாலானவை பழைய கண்ணாடிச் சாமிகளின் மேல் சாய்ந்தபடி. தொட்டால் சில்லென்றிருந்தன. மரத்தடியில் பூக்கட்டி விற்கும் உச்சிமாகாளிதான் முதலில் ஒன்றை எடுத்தவள். ஈரம் துடைப்பதற்காக விரலால் இரண்டு முறை தட்டினாள். உறை திறந்தது, உள்ளேயிருந்து, தரைக்கு ஒரு முழம் மேலே, அவள் தம்பி மகளின் சடங்குப் பேனர் நின்றது, வண்ணத்துப்பூச்சிகளும் மயில்களுமாக. மறுபடி இரண்டு தட்டு, மூடிக்கொண்டது. “இவ்வளவுதானா?” என்றாள் உச்சிமாகாளி. இதைக் கற்றுக்கொள்ள அரசு கொடுத்த கணினிப் பயிற்சி முகாமில் ஒரு வாரம் உட்கார்ந்தும், மவுஸ் கை நழுவி ஓடியதைத் தவிர வேறெதுவும் கண்டதில்லை அவள்.

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் மரத்தடியில் இருந்தது. வியப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அது வரிசை குலைந்து கிடந்ததைப் பற்றித்தான். தன் மகன் கல்யாணத்துக்குப் பக்கத்தில் பிராய்லர் கடைத் திறப்பு விழா எதற்கு என்று ஒருவர் கேட்டார். எங்கள் தெருக் கொடையின் மேல் உங்கள் தெருக் கொடையை எப்படி வைக்கலாம் என்று இரண்டு தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். நகராட்சித் துப்புரவு மேற்பார்வையாளர் வந்து பார்த்து, இவை மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று தீர்மானிக்க முடியாமல், மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகப் போனவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை வெள்ளையம்மாள் டீச்சர் மட்டும் பொருளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கோத்து வைத்தால்தான் கோப்பு. இப்படிக் குவிந்து கிடப்பவற்றை அந்தப் பெயரால் அழைப்பது பிழை என்றார்.

“கோக்கணும், அவ்வளவுதானே டீச்சர்?” என்ற உச்சிமாகாளி பூக்கட்டும் நாரை எடுத்தாள்.

உலகத்தின் பெரிய நூலகங்கள் எண்களைக் கொண்டு நூல்களைப் பிரிக்கின்றன. தேரடிக்குளம் அந்த வழியில் போகவில்லை. தெருவாரியாகச் சரங்கள் கட்டினார்கள், தெருவுக்குள் வீட்டுவாரியாக, வீட்டுக்குள், பங்காளிச் சண்டை இருந்தால் இடையில் ஒரு மரிக்கொழுந்து. பார்த்தாலே சண்டை வரக்கூடியவை என்று தனியாக ஒரு சரம், மரத்தின் பின்பக்கம். யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாதவை ஒரு சரம். கல்யாணம் நின்றுபோனதால் அச்சுக்கே போகாத பேனர்களை எங்கே கோப்பது என்று நெடுநேரம் பேசி, கடைசியில் ‘இன்னும் முடியாதவை’ என்று ஒரு சரத்தை அகலமான கிளையில் தொங்கவிட்டார்கள். அந்த வகுப்பு எந்த நூலகத்திலும் இல்லை என்று டீச்சர் குறை சொன்னார். எல்லா நூலகத்திலும் இருந்திருக்க வேண்டியது என்று அவரே சற்றுக் கழித்துத் திருத்திக்கொண்டார். தேவைப்பட்டவர்கள் வந்து, “மேலத்தெரு, முக்கு வீடு, ரெண்டாவது பொண்ணு,” என்றால் உச்சிமாகாளி பூவோடு சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். ஊரில் அதற்கு முன் எவரும் ஒரு கோப்பை இத்தனை சுலபமாகக் கண்டெடுத்ததில்லை. கடையில் மென்பொருளும் இதைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் செண்பகவடிவு கணினியைத் திறந்தபோது திரையிலிருந்த மீதிக் கோப்புகளும் அதே தெருவாரியாக, நடுநடுவே பச்சையாக ஏதோ செருகப்பட்டு, சரம் சரமாக நின்றன.

அதைப் பார்த்து அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கடற்கரையாண்டி அண்ணாச்சியின் நினைவு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

கடற்கரையாண்டி அண்ணாச்சிதான் ஃபிளக்ஸ் கடை இருக்கும் கட்டிடத்தின் சொந்தக்காரர். கடைக்கான வாடகை ஒப்பந்தம் ஆவணியில் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் அவர் இஷ்டம். முன்பு ஒருமுறை டீக்கடைக்காரர், “உடம்புக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்ட தொனி பிடிக்காமல், அந்த மாதமே கடையைக் காலி செய்ய வைத்தவர். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை, மணி என்ன என்றுகூட. போன தையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கையை விரித்த அன்று மத்தியானம் அண்ணாச்சியின் அக்கா மகன் இசக்கிராஜா கடைக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, கண்ணீர் அஞ்சலிப் பேனர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டுப் போனான். தகவல் வந்ததும் அச்சடித்தால் போதும், முந்திக்கொண்டால் மற்றவர்களுடையதைவிடப் பெரிய பேனர் வைக்க இடம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. விடுப்பில் வந்திருந்த பால்வண்ணன் அதை வடிவமைத்து வைத்தான். தகவல் வரவில்லை. அண்ணாச்சிதான் வந்தார், நடந்தே.

அந்தப் பேனர் இப்போது மரத்தடியில் எங்கோ இருந்தது. அண்ணாச்சியோ தினமும் காலையில் அந்த மரத்தைச் சுற்றித்தான் நடை போகிறார்.

“ஏ, அந்தக் கடற்கரையாண்டி அண்ணாச்சி பேனரை மட்டும் திரும்ப எடுத்துட்டு வா,” என்று மென்பொருளிடம் கெஞ்சினாள்.

“கண்டிப்பாக. கோப்பின் பெயரைச் சொல்லுங்கள்.”

பெயர்! தோஹாவுக்குப் போன் போட்டாள்.

“என்ன பேரு போட்டீங்க அதுக்கு?”

“டிடிடின்னு போட்டிருப்பேன்,” என்றான் பால்வண்ணன். “இல்லாட்டி ஃபைனல் ஓகே. அவசரம்ட்டி அன்னைக்கு. சுடலைமணி கம்பவுண்டருக்குப் போட்டோம்லா ஒண்ணு, அதையே எடுத்து மூஞ்சிய மட்டும் மாத்துனேன்.”

“மூஞ்சிய மட்டுமா?”

“பேரையும் மாத்துனேன். தேதியையும்.”

“வாசகம்?”

“அதை மாத்த விட்டுப்போச்சுட்டி,” என்றான் பால்வண்ணன்.

சுடலைமணி கம்பவுண்டர் என்பவர், மருந்துக்குக் காசில்லாதவனுக்கு மருந்தும் கொடுத்து பஸ்ஸுக்கும் கொடுத்து அனுப்பிய மனிதர். அவர் போனபோது ஊரே கூடி எழுதிய வாசகம் அது: ‘கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாத கரமே.’ அந்த வரியின் மேல் கடற்கரையாண்டி அண்ணாச்சியின் முகம் இருந்தால், உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போட்ட குற்றம் ஒரு பக்கம், ஊர் முழுக்கச் சிரிக்க வைத்த குற்றம் மறுபக்கம். ஆவணியில் கடை இருக்காது.

செண்பகவடிவு கடையைச் சாத்திவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். அங்கே இசக்கிராஜா ஏற்கெனவே முழங்காலிட்டு, வேரிடுக்கில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

“மைனி, சத்தியமா மாமா மேல உள்ள பாசத்துலதான் சொன்னேன்.”

“பாசம் எட்டுக்குப் பத்தடில கேட்டுச்சாக்கும்? பேசாம அந்தச் சரத்தைப் பாரு.”

இருவரும் கீழத்தெருவை அவிழ்த்தார்கள், மேலத்தெருவை அவிழ்த்தார்கள், சண்டை வரக்கூடியவற்றைப் பார்த்து இரண்டு புதிய சண்டைகளை மூட்டிவிட்டார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் உச்சிமாகாளிதான் பூவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்.

“அண்ணாச்சி படந்தானே? அதை அவரே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. அவரு மூஞ்சி, அவரு பொருள். நான் எப்படி வேண்டாம்பேன்?”

இசக்கிராஜா தன் மாமியார் ஊருக்கு அன்றைக்கே பஸ் ஏறினான்.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு ஊரில் யாரிடமும் விளக்கம் இல்லை. மரத்தடியில் கோப்புகள் வந்ததை அரை நாளில் ஏற்றுக்கொண்ட தேரடிக்குளம், இதை ஏற்றுக்கொள்ளத்தான் மிகவும் சிரமப்பட்டது. கடற்கரையாண்டி அண்ணாச்சி மஞ்சள் உறை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி நடை போனார். குளத்தின் அந்தக் கரையில், யாருமில்லாத படித்துறையில் உட்கார்ந்து, இரண்டு தட்டுத் தட்டித் திறந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், மூடிக்கொண்டு எழுந்தார். எதிரே வந்த வெள்ளையம்மாள் டீச்சர், பேச்சுவாக்கில், ஊர் நூலகத்தில் மின்விசிறி சுற்றவில்லை என்று சொல்லிவிட்டு, சொன்னது யாரிடம் என்பதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். அந்த வாயில் ‘இல்லை’ என்ற சொல் வந்து உட்கார்ந்ததை டீச்சர் கண்ணால் பார்த்ததாகவே சொல்கிறார். அவர் அதை மென்று, கஷ்டப்பட்டு விழுங்கி, “ஆள் அனுப்புதேன்,” என்றார். மின்விசிறி சுற்றியது. டீச்சர் அதற்கு அடியில் உட்கார்ந்து, காற்று வருகிறது என்பதை நம்பாமல் ஒரு பகல் முழுக்கக் கழித்தார்.

பிறகு காலி செய்யப்பட்ட டீக்கடைக்காரர் திரும்ப அழைக்கப்பட்டார். அண்ணாச்சியின் மில் வளாகத்துக் குழாயில் ஊரார் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றானது. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சிக்கு அந்தச் சொல்லை விழுங்குவது கடினமாகவே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் வேப்பங்கொழுந்து தின்றவர் போலிருந்தது. ஆனாலும் விழுங்கினார். ஊரார் பயந்துபோனார்கள். மறுபடி நெஞ்சுவலி வரப்போகிறதென்று சிலர் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். செண்பகவடிவுக்கோ இதையெல்லாம் கேட்கக் கேட்க வேறு பயம். அவர் அந்த வரியை நம்பிவிட்டார். தன்னைப் பற்றித்தான் எழுதியது என்று நம்பிவிட்டார். அது கம்பவுண்டருடையது என்று எவனாவது ஒருநாள் டீக்கடையில் சொல்லிவிட்டால்?

ஆடி கடைசி வெள்ளியன்று காலை அண்ணாச்சி கடைக்குள் வந்தார். உறையை மேசைமேல் வைத்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள்.

“இது உன் கடைல போட்டதுதானே?”

“ஆமா அண்ணாச்சி.”

“யாரு போடச் சொன்னது?”

அவள் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்.

“இசக்கிராஜாதான். அவனைத் தவிர எவனுக்கும் என்மேல இவ்வளவு அவசரம் கெடையாது.” அவர் இரண்டு தட்டுத் தட்டினார். கடைக்கு நடுவில், காற்றில், ரோஜாக்களும் புறாக்களும் சூழ, கொஞ்சம் வெளுப்பாக்கப்பட்ட கடற்கரையாண்டி அண்ணாச்சி நின்றார். உயிருள்ளவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சட்டை நல்லாத்தான் இருக்கு. இந்தச் சட்டை என்கிட்ட கெடையாதே?”

“அது… சட்டை வேற ஆளுக்குள்ளது அண்ணாச்சி. கழுத்துக்கு மேலதான் நீங்க.”

“ம். வாசகம்?”

இதுதான் அந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொன்னால் கடை நிற்கும். ஆனால் அந்த முகத்துக்கு நேரே, அந்த முகம் இரண்டாக நின்று பார்க்கும்போது, பொய் வரவில்லை.

“வாசகமும் வேற ஆளுக்குள்ளதுதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க. அவசரத்துல மாத்த விட்டுப்போச்சு.”

“சுடலைமணிக்கு எழுதுனது,” என்றார் அண்ணாச்சி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கீழ மூலையில பாரு. புறாவோட றெக்கைக்கு அடியில. ‘கம்பவுண்டர் குடும்பத்தார்’னு சின்னதா நிக்கி. மொத நாளே பாத்துட்டேன். எனக்கென்ன கண்ணு தெரியாதா?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவன் பேர மட்டும் எடுத்துரு. பாவம், அவன் குடும்பத்தார் எனக்கெதுக்கு அழணும்? மத்தது அப்படியே இருக்கட்டும்.”

“அண்ணாச்சி, மத்ததுன்னா… அந்த வரியா?”

“அந்த வரிதான்.”

“அது வந்து…”

“பொருந்தலைங்கிற. எனக்குத் தெரியாதா?” அவர் விரலை நீட்டிப் பேனரின் அடிப்பகுதியைக் காட்டினார். தோற்றம் என்று போட்டுத் தேதி இருந்தது. மறைவு என்று போட்டு, பக்கத்தில் வெறும் இடமாக விட்டிருந்தது. தகவல் வராததால் பால்வண்ணன் நிரப்பாமல் விட்ட இடம். “அதுக்குத்தான் நாள் கெடக்குல்லா.”

மென்பொருளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘கம்பவுண்டர் குடும்பத்தார்’ தானாகவே மறைந்தது, புறாவின் இறக்கை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. பிறகு செய்தி வாசிக்கும் குரல் கேட்டது.

“மாற்றம் செய்யப்பட்டது. கோப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும்?”

அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பி, யாரும் இல்லாததைக் கண்டு, கணினியைப் பார்த்து, அதற்கும் மரியாதை கொடுப்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “என் பேரையே வையி. கடற்கரையாண்டி. ஓகே கீகேல்லாம் போட வேண்டாம்.”

“எங்கே வைக்கட்டும்?”

செண்பகவடிவு அவரைப் பார்த்தாள். அவர் கையை வீசினார். “எங்க சொல்லணுமோ சொல்லு. நான் தெனம் வந்து பாக்குற எடமா இருக்கணும்.”

“அரசமரத்தடியில,” என்றாள் அவள். “‘இன்னும் முடியாதவை’ சரத்துல.”

“வைக்கிறேன்,” என்றது மென்பொருள். மேசைமேல் இருந்த மஞ்சள் உறை இல்லாமல் போயிற்று. குளத்தங்கரையில் அகலமான கிளையில், நின்றுபோன கல்யாணங்களுக்கு நடுவே, அது போய்த் தொங்கியிருக்கும்.

அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வாசலில் நின்றார்.

“ஆவணில ஒப்பந்தம் முடியுதுல்லா?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் வாயில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்ததை அவளும் பார்த்தாள். பழக்கம் அப்படி. அவர் அதை மென்றார். இந்த முறை முன்போல் அவ்வளவு கசந்ததாகத் தெரியவில்லை.

“கடையைக் காலி பண்ணிட்டுப் போயிராத,” என்றார். “கடைசியா அந்தத் தேதியைப் போட ஆள் வேணும்.”

சாரலுக்குள் இறங்கி, மரத்தைச் சுற்றும் பாதையில் நடக்கத் தொடங்கினார். செண்பகவடிவு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த வேலை கீழத்தெருவில் ஒரு காதுகுத்து; குழந்தை அழுதுகொண்டிருந்த படம்தான் கொடுத்திருந்தார்கள்.

“வணக்கம். இதற்கு என்ன பெயர் வைக்கட்டும்?” என்றது மென்பொருள்.

அவள் குழந்தையின் பெயரைச் சொன்னாள்.